பிள்ளைப்பேறும் வருமானமும்: யாருடைய வருமானத்தை அளப்பது?

மருதாணி (சிகாம்புட்):

எல்லாருக்கும் வணக்கம். பகலில் கணக்காளர் வேலை, மாலையில் பகுதிநேர முதுகலைப் படிப்பு என்று ஓடிக்கொண்டிருக்கிறேன். வளரும் நாடுகளில் பொருளாதார நிலை பிள்ளைப்பேற்றை எவ்வளவு மாற்றுகிறது, அதை எப்படி அளப்பது என்பதுதான் என் ஆய்வு. முன்மொழிவில் "குடும்ப வருமானம் உயர உயரப் பிள்ளைகளின் எண்ணிக்கை குறையும்" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். போன வாரம் என் பேராசிரியர் "குடும்ப வருமானம்" என்ற இரண்டு சொல்லையும் பென்சிலால் வட்டமிட்டு, ஓரத்தில் "யாருடையது?" என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார். வேறு ஒரு சொல்லும் இல்லை. ஒரு வாரமாக அந்த ஒற்றைச் சொல்லையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நாடுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் பணக்கார நாட்டில் பிள்ளை குறைவு, ஏழை நாட்டில் அதிகம். மலேசியாவிலேயே 1970ல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 4.9 பிள்ளை, 2022ல் 1.6. நாடு வளர்ந்தது, பிள்ளை குறைந்தது, சரி. ஆனால் பல ஏழை நாட்டுக் கிராமங்களுக்குள் போய்ப் பார்த்தால் நிலம் உள்ளவன் வீட்டில்தான் பிள்ளை அதிகம். ஒரே வருமானம் எப்படி இரண்டு பக்கமும் இழுக்கும்?

நான் படித்துக்கொண்டிருப்பது 1976-77ல் தீபகற்ப மலேசியாவில் ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் நடத்திய குடும்ப வாழ்வு ஆய்வு. 1,262 வீடுகள், நான்கு மாத இடைவெளியில் மூன்று முறை போய்க் கேட்டிருக்கிறார்கள். எடுத்துக்கொண்ட 52 வட்டாரங்களில் மூன்றை, இந்தியர்களும் மீனவர்களும் விட்டுப்போய்விடக் கூடாது என்று தனியாகச் சேர்த்திருக்கிறார்கள். அதைப் படித்தபோது, நம் தோட்டத்துப் பெண்கள் யாராவது அதில் உட்கார்ந்து பதில் சொல்லியிருப்பார்களே என்று நினைத்துக்கொண்டேன். தெரிந்தவர்கள் வழிகாட்டுங்கள், எவ்வளவு நீளமாக எழுதினாலும் படிப்பேன்.


தோட்டத்துப்பிள்ளை (சுங்கை பூலோ):

மகளே, எனக்குப் பொருளாதாரம் தெரியாது. தோட்டத்தில் பிறந்து இருபது வயது வரைக்கும் அங்கேயே இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன்.

எங்கள் அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டினார். விடியற்காலைப் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போகும்போதே கைப்பிள்ளையைத் துணியில் சுற்றி ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார். கொட்டகை என்றால் பலகைத் தளம், தகரக் கூரை, உத்திரத்தில் வரிசையாகச் சேலைத் தொட்டில். பால் வெட்ட முடியாத வயதுக்கு வந்துவிட்ட ஒரு பாட்டியம்மாவைத்தான் ஆயாவாகப் போட்டிருப்பார்கள், சம்பளம் தோட்டம் கொடுக்கும். எட்டு ஒன்பது தொட்டிலுக்குக் கயிறு கட்டி ஒரே ஆள் ஆட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். நடக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு அங்கேயே கஞ்சி. அம்மா மதியம் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, நேராகக் கொட்டகைக்கு வந்து பிள்ளைக்குப் பால் கொடுப்பார்.

எங்கள் வீட்டில் எட்டுப் பிள்ளை. அம்மா வேலைக்குப் போகாமல் இருந்ததில்லை. "பெண் சம்பாதித்தால் பிள்ளை குறையும்" என்று யாராவது சொன்னால் அம்மாவின் முகம்தான் எனக்கு நினைவுக்கு வரும். அவர் சம்பாதித்தார், எட்டும் பெற்றார்.

இன்னொன்று. பத்து வயதில் நானே அம்மாவுக்குக் கைவேலை. பள்ளி விடுமுறையில், மரத்துப் பால் வடியும் மங்கில் ஒட்டிக் காய்ந்திருக்கும் கட்டிப்பாலை உரித்துச் சாக்கில் போடுவேன், அதற்கும் நிறுத்துக் காசு. அந்தக் காசு என் பேரில் எந்தக் கணக்கிலும் ஏறாது, அம்மாவின் சம்பளத்தோடு சேர்ந்துவிடும். உங்கள் ஆய்வில் "வீட்டு வருமானம்" என்று எழுதும் தொகைக்குள் பிள்ளைகளின் உழைப்பும் ஒளிந்திருக்கும். பிள்ளை அதிகமாக இருந்ததால் வந்த வருமானம் அது. அதை வைத்தே பிள்ளை எண்ணிக்கையை விளக்கப் பார்த்தால் எப்படி?


கணக்குவாத்தியார் (ஜார்ஜ்டவுன்):

தோட்டத்துப்பிள்ளை ஐயா சொன்ன கடைசி இரண்டு வரியை ஒரு வருடப் பாடமாக நடத்தலாம். நான் ஓய்வுபெற்ற விரிவுரையாளர், இந்தத் துறையில் கொஞ்சம் கை நனைத்தவன். மருதாணி, நீளமாக எழுதலாம் என்று சொல்லிவிட்டீர்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு கணக்கு. இரண்டு வீடு, இரண்டிலும் மாதம் ஆறாயிரம் வெள்ளி (ரிங்கிட்). ஒரு வீட்டில் கணவன் ஒருவனே ஆறாயிரமும் கொண்டுவருகிறான், மனைவி வேலைக்குப் போகவில்லை. அடுத்த வீட்டில் ஆளுக்கு மூவாயிரம். உங்கள் படிவத்தில் இரண்டும் ஒரே வீடு. ஆனால் ஒரு பிள்ளை பிறந்து இரண்டு வருடம் அம்மா வீட்டில் இருக்க வேண்டும் என்றால் முதல் வீட்டுக்குச் சம்பள நட்டம் இல்லை, இரண்டாவது வீட்டுக்கு 72 ஆயிரம் வெள்ளி போகிறது. ஒரே வருமானம், பிள்ளையின் விலை வேறு. பேராசிரியர் ஏன் வட்டமிட்டார் என்பது இதில் இருக்கிறது.

கேரி பெக்கர் என்ற பொருளாதார அறிஞர் 1960ல் பிள்ளைப்பேற்றைப் பொருளாதாரக் கண்ணோடு பார்த்துக் கட்டுரை எழுதினார். வருமானம் கூடினால் மனிதன் எதையும் கொஞ்சம் கூடுதலாக வாங்குவான், பிள்ளையும் அப்படித்தான் கூட வேண்டும். ஆனால் பணம் வந்தவன் எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட இருக்கும் பிள்ளைக்கு அதிகம் செலவழிக்கிறான், படிப்பு, டியூஷன், நல்ல சாப்பாடு என்று. 1965ல் நேரத்தைப் பற்றி எழுதினார்: வீட்டுக்குள் செலவாகும் நேரத்துக்கும் விலை உண்டு. இரண்டையும் சேர்த்தால் உங்கள் குழப்பம் தீரும். கணவன் சம்பளமும் நிலத்து வருமானமும் பிள்ளையைக் கூட்டும் பக்கம் இழுக்கும். மனைவியின் சம்பளம் கூடினால் அவள் நேரத்தின் விலை கூடும், அது குறைக்கும் பக்கம் இழுக்கும். இரண்டையும் ஒரே தொகையாகக் கூட்டிப் போட்டால் ஒன்றை ஒன்று அடித்துவிட்டுப் பூச்சியத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். "தொடர்பே இல்லை" என்று நாம் எழுதிவிடுவோம்.

சரி, மனைவியின் சம்பளத்தைத் தனியாகப் போடுவோம் என்று கிளம்பினால் அடுத்த பள்ளம். வேலைக்குப் போகாத பெண்ணுக்கு எந்த எண்ணைப் போடுவீர்கள்? பூச்சியம் போட்டால் பெரிய தப்பு. அவள் நேரத்துக்கு மதிப்பு இல்லாமல் இல்லை, வெளியே கிடைக்கும் கூலியைவிட வீட்டில் அவள் செய்வது அதிகம் பெறும் என்று கருதித்தான் பல பேர் வீட்டில் இருக்கிறார்கள். வேலைக்குப் போகிறவர்களை மட்டும் எடுத்துக் கணக்குப் போட்டாலும் தப்பு, அவர்கள் தாமாகத் தேர்ந்துகொண்டு வந்த கூட்டம். ஜேம்ஸ் ஹெக்மன் 2000ல் நோபல் வாங்கியதே இந்தச் சிக்கலைக் கையாள வழி சொன்னதற்காக. அவள் படிப்பு, வயது, அந்த வட்டாரத்துக் கூலி இவற்றை வைத்து, வேலைக்குப் போயிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று மதிப்பிட வேண்டும். அதற்கும் முன்னால் வேலைக்குப் போவதை மாற்றக்கூடிய, ஆனால் கூலியை மாற்றாத ஏதோ ஒன்று கையில் வேண்டும். கிராமத்து ஆய்வில் அது லேசில் கிடைக்காது.

அப்புறம் ஐயாவின் அம்மா. பெக்கரின் கணக்குக்கு அவர் எதிர்ச்சான்று என்று நினைக்காதீர்கள். ஆயாக் கொட்டகை இருந்ததால் பிள்ளை அவர் சம்பளத்தை அதிகம் வெட்டவில்லை. வேலையும் பிள்ளையும் ஒரே வேலிக்குள் இருந்தன. "வேலைக்குப் போகிறீர்களா?" என்று கேட்டால் போதாது. "போனபோது பிள்ளை எங்கே இருந்தது?" என்றும் கேட்க வேண்டும்.


பிறைப்பாலம் (பட்டர்வொர்த்):

வாத்தியார் கடைசியாகக் கேட்ட கேள்விதான் என் வாழ்க்கை.

பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிப வட்டாரம் 1972ல் தொடங்கியது. நான் 1983ல் அங்கே ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்தேன், பத்தொன்பது வயது. பெயர் வேண்டாம். நுண்ணோக்கியில் கண்ணை வைத்து முடியைவிட மெல்லிய கம்பியை ஒட்டும் வேலை, மூன்று ஷிப்ட், வாரத்துக்கு வாரம் மாறும். தொழிற்சாலை பஸ் விடியற்காலை நான்கரைக்கு வந்துவிடும். தோட்டத்தில் அம்மா வாங்கியதைவிட நல்ல சம்பளம், அதனால் வீட்டில் என் கல்யாணத்துக்கு யாரும் அவசரப்படவில்லை. இருபத்தெட்டில்தான் கட்டிக்கொடுத்தார்கள். என் அம்மாவுக்கு இருபத்தெட்டு வயதில் ஐந்து பிள்ளை.

பெரியவன் பிறந்ததும் மாமியார் ஒரு வருடம் வந்து பார்த்துக்கொண்டார். அவர் மூத்தவர் வீட்டுக்குப் போனதும் பக்கத்து பிளாட்டில் ஒரு ஆன்டியிடம் விட்டேன், மாதம் 180 வெள்ளி. பகல் ஷிப்ட் என்றால் சரி. இரவு ஷிப்ட் வாரம் அவர் எடுக்க மாட்டார். அந்த வாரமெல்லாம் கணவர் ஆறு மணிக்கு வேலை முடிந்து வருவார், நான் ஒன்பதுக்கு பஸ் ஏற வேண்டும், பிள்ளை கைமாறுவது மட்டும்தான் எங்கள் பேச்சு. இரண்டாவதோடு நிறுத்திக்கொண்டோம். யாரும் எனக்குக் குடும்பக் கட்டுப்பாடு பற்றிப் பாடம் எடுக்கவில்லை. அந்த வாரங்களை நினைத்தாலே மூன்றாவது என்ற பேச்சு வாயில் வராது.

ஆகவே மருதாணி, சம்பளம் எவ்வளவு என்பதோடு ஷிப்டையும் கேளுங்கள். பிள்ளை பார்க்க யார் இருந்தார், எத்தனை மணிக்கு, எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேளுங்கள். எங்கள் லைனில் இருந்தவர்களில் பாதிப்பேர் இதே காரணத்தால் பிள்ளை பெறுவதை நிறுத்தியவர்கள்.


கெப்போங் தம்பி:

அண்ணன், அக்கா எல்லாரும் மன்னிக்கணும், எல்லாவற்றையும் காசாக்கிப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. எங்கள் பகுதியில் சீனர்கள் அதிகம். பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் டிராகன் ஆண்டு பிள்ளை பிறக்க நல்லது என்று நம்புவார்கள், அது வந்தால் அவர்களுக்குப் பிறப்பு எண்ணிக்கை ஏறும், 1976, 1988, 2000, 2012 என்று. அந்த வருடம் மட்டும் பால் மாவு விலை குறைந்துவிட்டதா? அது நம்பிக்கை. பிரேசிலில் குளோபோ தொலைக்காட்சி எந்த வட்டாரத்தில் எந்த வருடம் எட்டியது என்று பார்த்து ஒரு ஆய்வு செய்திருக்கிறார்கள், 2012ல் வந்தது. தொடர் நாடகங்களில் வரும் குடும்பங்கள் எல்லாம் சிறியவை, நாயகிக்கு ஒரு பிள்ளை அல்லது பிள்ளையே இல்லை. அலைவரிசை எட்டிய ஊர்களில் பிள்ளைப்பேறு குறைந்திருக்கிறது. அதற்குச் சம்பளம் காரணமில்லை.

நம் அரசாங்கமே 1966ல் குடும்பத் திட்ட வாரியம் அமைத்துக் குறைக்கச் சொன்னது, 1984ல் 2100க்குள் ஏழு கோடி மக்கள் வேண்டும் என்று திருப்பிச் சொன்னது. இரண்டாவதை மக்கள் கேட்கவில்லையே.


கணக்குவாத்தியார் (ஜார்ஜ்டவுன்):

தம்பி சொன்னது நல்ல சவால். டிராகன் ஆண்டு விஷயம் உண்மை, மலேசியச் சீனர்களைப் பற்றிய மக்கள்தொகை ஆய்வுகளிலேயே வந்திருக்கிறது. இதில் மருதாணிக்கு ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது: அவர் படிக்கும் ஆய்வின் முதல் சுற்று தொடங்கியது 1976, இரண்டாவது ஆய்வு 1988-89, இரண்டும் டிராகன் ஆண்டில் விழுந்துவிட்டன. "கடந்த பன்னிரண்டு மாதத்தில் பிறந்த பிள்ளை" என்று எடுத்துக்கொண்டு இனங்களை ஒப்பிட்டால் நம்பிக்கையைப் பொருளாதாரம் என்று தவறாகப் படித்துவிடலாம்.

ஆனால் பொருளாதாரம் ஒன்றும் செய்யாது என்று சொல்ல வேண்டாம். அதை வெளியிலிருந்து தள்ளிப் பார்த்தால்தான் தெரியும். வீட்டுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தால் வேலைக்குப் போனதால் பிள்ளை குறைந்ததா, பிள்ளை தங்காததால் வேலைக்குப் போனாளா என்று பிரிக்கவே முடியாது. ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார ஆய்வாளர் இந்தியாவில் செய்தது எனக்கு மிகவும் பிடிக்கும். டில்லியைச் சுற்றிய வட மாநிலக் கிராமங்களில் குலுக்கல் முறையில் சிலவற்றைத் தேர்ந்து, மூன்று வருடம் அங்கே ஆள் சேர்ப்பாளர்களை அனுப்பி, இளம்பெண்களுக்கு அழைப்பு மையம் போன்ற வேலைகளைத் தேடிக்கொடுத்தார். மற்றக் கிராமங்களுக்கு அனுப்பவில்லை. வேலை வாய்ப்பு வந்த கிராமங்களில் பதினைந்து முதல் இருபத்தொரு வயதுப் பெண்கள் கல்யாணத்தையும் பிள்ளையையும் தள்ளிப்போட்டார்கள். பள்ளி வயதுச் சிறுமிகளின் படிப்பும் கூடியது, அவர்கள் இன்னும் ஒரு காசு சம்பாதிக்கவில்லை, சம்பாதிக்கலாம் என்ற எதிர்பார்ப்பே போதுமாக இருந்தது. குலுக்கலில் தேர்ந்ததால், ஊர் வழக்கம் இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

படிப்புக்கும் இதே மாதிரி. இந்தோனேசியா 1973 முதல் சில வருடத்தில் 61,000க்கும் மேலான தொடக்கப்பள்ளிகளைக் கட்டியது. எந்த மாவட்டத்தில் எத்தனை, எந்த வயதுப் பிள்ளைக்கு அது கிடைத்தது என்ற வேறுபாட்டை எஸ்தர் டுஃப்லோ பயன்படுத்தினார். அதே பள்ளிகளை வைத்து அவரும் இன்னொருவரும் பிள்ளைப்பேற்றைப் பார்த்தபோது, கல்யாண வயதையும் இளவயதுப் பிள்ளைப்பேற்றையும் மாற்றியதில் ஆண் படிப்பைவிடப் பெண் படிப்புக்குத்தான் வலு அதிகம் என்று வந்தது. நைஜீரியா 1976ல் எல்லாருக்கும் இலவசத் தொடக்கக்கல்வி கொண்டுவந்தது, அங்கே ஒரு வருடக் கூடுதல் படிப்பு, இருபத்தைந்து வயதுக்குள் ஒரு பெண் பெறும் பிள்ளைகளைக் கால் பிள்ளை அளவு, அதாவது 0.26, குறைத்தது என்று 2008ல் வந்த ஆய்வு சொல்கிறது.

கருத்தடை வசதிக்கும் தனியாக அளவு இருக்கிறது. வங்காளதேசத்தில் மத்லப் என்ற இடத்தில் 1977 முதல் ஏறக்குறைய பாதிக் கிராமங்களுக்குப் பெண் பணியாளர்கள் வீடு தேடிப் போய்க் கருத்தடைச் சாதனம் கொடுத்தார்கள், மீதிக்கு வழக்கமான அரசுச் சேவை. பிள்ளைப்பேற்றில் வந்த வேறுபாடு ஏறத்தாழ 15 சதவீதம். கூலி, படிப்பு, வசதி, நம்பிக்கை எல்லாம் உண்மை, ஒவ்வொன்றும் எவ்வளவு என்பதுதான் கேள்வி.


வாழையிலை (கிள்ளான்):

ஊர்ப்பக்கம் யாரும் பேசவில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்கு 1.8 பிள்ளை, பீகாரில் 3.0. தமிழ்நாடு பணக்கார நாடாகிவிட்டுக் குறைக்கவில்லை. பள்ளிக்கூடம், சத்துணவு, ஆரம்ப சுகாதார நிலையம், பிறந்த பிள்ளை பிழைக்கும் என்ற தைரியம், எல்லாம் ஒரே காலத்தில் வந்தன. எல்லாம் சேர்ந்தே வந்ததால் எது எவ்வளவு என்று பிரிப்பதும் கடினம், அதையும் சொல்லிவிடுகிறேன்.


தோட்டத்துப்பிள்ளை (சுங்கை பூலோ):

பிறந்த பிள்ளை பிழைக்கும் என்ற தைரியம்! இதைத்தான் நான் சொல்ல விட்டுவிட்டேன். எட்டு என்று எழுதினேனே, அம்மா பெற்றது பத்து. இரண்டு கொட்டகை வயதிலேயே போய்விட்டது. நாங்கள் யாரும் எண்ணும்போது அதைச் சேர்ப்பதில்லை. அம்மா மட்டும் தைப்பொங்கலுக்கு முன் படையலில் இரண்டு சின்ன இலை கூடப் போடுவார்.


மருதாணி (சிகாம்புட்):

ஐயா, உங்கள் பதிலைப் படித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை ராவாங்கில் பாட்டி வீட்டுக்குப் போனேன். எண்பத்தைந்தைத் தாண்டிவிட்டார், காது மந்தம், நினைவு கூர்மை. "பாட்டி, எத்தனை பிள்ளை?" என்றேன். "ஏழு" என்றார். அம்மாவும் ஏழு என்றுதான் என்னிடம் சொல்லியிருக்கிறார். அப்புறம் ஆய்வுப் படிவத்தில் பார்த்த மாதிரி மெதுவாகக் கேட்டேன், ஒவ்வொரு பேறாக, முதலிலிருந்து.

வருடம் அவருக்குத் தெரியாது. கட்டை விரலால் மற்ற விரல்களின் கணுவைத் தொட்டுத் தொட்டுச் சொன்னார். பெரிய மாமா மெர்டேக்கா (சுதந்திர) ஆண்டு 1957, கொடி ஏற்றியபோது கைப்பிள்ளை. அடுத்தவர் "பெரிய கிராணி மாற்றலாகிப் போன வருசம்" (கிராணி என்றால் தோட்டத்துக் கணக்கர்), அது எனக்கு ஒரு வருடத்தையும் தரவில்லை, விட்டுவிட்டேன். அம்மா 1969 மே கலவரத்துக்கு முந்தின தீபாவளி, அப்படியானால் 1968. கடைசி மாமா, பெரிய வெள்ளம் வந்தபோது வயிற்றில், வெள்ளம் 1971 ஜனவரி. ஐந்தாவது கணுவிலும் எட்டாவது கணுவிலும் விரல் நின்றது. அந்த இரண்டு இடத்திலும் பெயர் இல்லை. "இது தங்கலை" என்றார், இரண்டு தடவையும் அதே இரண்டு சொல். ஒன்பது பேறு.

நான் "எத்தனை பிள்ளை?" என்று ஒரே கேள்வியில் முடித்திருந்தால் ஏழு என்று எழுதிக்கொண்டு வந்திருப்பேன். இழந்த பிள்ளைக்கு ஈடாக இன்னொன்று பெறுவதும், இழக்கலாம் என்ற பயத்தில் முன்கூட்டியே பெறுவதும் தனித்தனிக் கணக்கு என்று படித்திருக்கிறேன். அந்த இரண்டு கணுவும் எழுத்தில் வராவிட்டால் எந்தக் கணக்கும் வராது. 1976 ஆய்வில் ஒவ்வொரு பேறுக்கும் தனியாக, எத்தனை மாதம் பால் கொடுத்தீர்கள் என்பது வரை ஏன் கேட்டார்கள் என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது. தாய்ப்பால் நின்றால் அடுத்த கரு சீக்கிரம் தங்கும், பிள்ளை இறந்தால் பாலும் நின்றுவிடும். அப்படி வந்த அடுத்த பேற்றை, இவர்கள் யோசித்து எடுத்த முடிவு என்று நாம் எழுதிவிடக் கூடாது.


பிறைப்பாலம் (பட்டர்வொர்த்):

உங்கள் பாட்டி விரல் நின்ற இடத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன் தங்கச்சி.

வாத்தியார் ஐயா, ஒரு சந்தேகம். எங்கள் காலத்தில் எல்லாரும் சொல்வது "வயதான காலத்தில் யார் பார்ப்பார்கள், நாலு பிள்ளை வேண்டாமா?" எங்களுக்கு சேமநிதி (மாதாமாதம் சம்பளத்தில் பிடித்து ஓய்வுக்குச் சேர்க்கும் பணம்) இருந்தது, அதனால் அந்தப் பயம் குறைந்ததா? இதையும் அளக்க முடியுமா?


கணக்குவாத்தியார் (ஜார்ஜ்டவுன்):

ஜான் கால்ட்வெல் என்பவர் நைஜீரியாவில் பல ஆண்டு வேலை செய்துவிட்டு 1976ல் எழுதியது இதைத்தான். செல்வம் எந்தப் பக்கம் ஓடுகிறது, பிள்ளையிடமிருந்து பெற்றோருக்கா, பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கா? மேலே ஓடும் வரைக்கும் பிள்ளை கூட இருப்பது இலாபம், திசை திரும்பினால் குறையும். தோட்டத்துப்பிள்ளை ஐயா பத்து வயதில் கட்டிப்பால் உரித்தது மேலே ஓடிய செல்வம். உங்கள் மகன் டியூஷன் கட்டணம் கீழே ஓடியது. சேமநிதி 1951லேயே வந்துவிட்டது, தோட்டத் தொழிலாளர்க்கும் பிடித்தார்கள். ஆனால் பிடித்த தொகை சின்னது, முதுமைக்குப் போதும் என்று அன்றைக்கு யாரும் நம்பியிருக்க மாட்டார்கள் என்பது என் கருத்து.

அளப்பது கடினம், ஏனென்றால் பணம் மட்டும் ஓடுவதில்லை. கணக்கில் வராத வேலை இருக்கிறது, சாப்பாடு இருக்கிறது, ஆஸ்பத்திரிக்குத் துணை இருக்கிறது. மருதாணி, இதில் உங்கள் முதுகலைக் காலத்தைச் செலவழிக்காதீர்கள், அது பெரிய கடல்.

இன்னொன்றைச் சொல்லிவிட்டு நிறுத்துகிறேன். 2022ல் மலேசிய இந்தியப் பெண்ணுக்குச் சராசரியாக 1.1 பிள்ளை என்று புள்ளிவிவரத் துறை சொல்கிறது, அதைப் பார்த்துப் பலர் பதறுகிறார்கள். பதற வேண்டிய எண்தான். ஆனால் அந்த எண் எந்த ஒரு பெண்ணின் வாழ்க்கையும் இல்லை. இந்த வருடம் இருபது வயதுப் பெண்கள் பெற்றது, முப்பது வயதுப் பெண்கள் பெற்றது என்று எல்லா வயதையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் செய்த கற்பனைப் பெண் அவள். இளம்பெண்கள் முதல் பிள்ளையை இருபத்தைந்திலிருந்து முப்பதுக்குத் தள்ளினால், தள்ளும் காலம் முழுக்க எண் உண்மையைவிடக் கீழே தெரியும். மக்கள்தொகை ஆய்வாளர்கள் போங்கார்ட்ஸும் ஃபீனியும் 1998ல் இதற்கு ஒரு திருத்தம் சொன்னார்கள். ஆக, பொருளாதாரம் பிள்ளையைக் குறைத்ததா, தள்ளிப்போட வைத்ததா என்பது இரண்டு கேள்வி. பெற்று முடித்த நாற்பத்தைந்து வயதுப் பெண்களைக் கேட்டால் ஒன்று தெரியும், இப்போது பெறும் வயதில் இருப்பவர்களைக் கேட்டால் வேறு தெரியும்.


கெப்போங் தம்பி:

நான் கொஞ்சம் இறங்கி வருகிறேன். என் மனைவியிடம் இந்த இழையைக் காட்டினேன். எங்களுக்கு ஒரு பெண் பிள்ளை, மூன்று வயது. "நம்பிக்கை, டிவி என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், நாம் ஏன் நிறுத்தினோம் என்று எழுதவில்லையே" என்றாள். பிள்ளைக் காப்பகத்துக்கு மாதம் 650 வெள்ளி, மாலை ஆறரைக்கு மேல் போனால் தனிக் கட்டணம், அவள் கெப்போங் போக்குவரத்தில் மாட்டிக்கொண்டு ஆறரைக்குள் போய்ச் சேர்ந்த நாளை விரல் விட்டு எண்ணிவிடலாம். பேறுகால விடுப்பு 2023லிருந்து 98 நாள், நல்லதுதான், 99வது நாள் என்ன செய்வது? அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஆயாக் கொட்டகை இருந்தால் நானும் யோசிப்பேன்."


தோட்டத்துப்பிள்ளை (சுங்கை பூலோ):

மருமகளுக்கு என் வணக்கம். கொட்டகையை அழகாக்கிவிட வேண்டாம் தம்பி, என் தம்பி தங்கை இரண்டு பேர் போனது அங்கே பரவிய வயிற்றுப்போக்கில்தான். நல்ல தண்ணீரும் ஒரு தாதியும் சேர்த்து இருந்திருந்தால் என்று சொல்லுங்கள், நானும் கை தூக்குகிறேன்.


மருதாணி (சிகாம்புட்):

எல்லாருக்கும் நன்றி சொல்லி முடியாது. நேற்று இரவு முன்மொழிவைத் திருத்தி எழுதினேன். வட்டமிட்ட வரி போய்விட்டது. கணவன் வருமானம், மனைவியின் நேர மதிப்பு, நிலமும் மற்ற சொத்தும், பிள்ளைகள் கொண்டுவந்தது என்று நான்காகப் பிரித்திருக்கிறேன். பிள்ளைகள் கொண்டுவந்ததை விளக்கும் பக்கத்தில் வைக்காமல் தனியே எடுத்து வைத்திருக்கிறேன், ஐயா சொன்னதற்காக. பழைய தரவோடு, கிள்ளான் பள்ளத்தாக்கில் பேறு முடித்த பெண்கள் சிலரிடம் பேறு வரலாறும் எடுக்கப் போகிறேன், பெரிய மாதிரி இல்லை, கேள்விகள் சரியாக விழுகின்றனவா என்று பார்க்க மட்டும். ஒவ்வொரு பேறுக்குப் பக்கத்திலும் நான்கு கேள்வி சேர்த்திருக்கிறேன்: அப்போது என்ன வேலை, எந்த நேரம், பிள்ளை யாரிடம், அதற்கு என்ன கொடுத்தீர்கள். கடைசியில் "கொடுத்தீர்கள்" என்பதற்குப் பணம் என்று மட்டும் எழுதவில்லை. பாட்டியிடம் அந்தக் கேள்வியைச் சோதித்துப் பார்த்தபோது, மூன்றாவது பிள்ளைக்குப் பக்கத்து லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) அம்மா பார்த்துக்கொண்டதாகவும், பதிலுக்கு அவர் வீட்டுக்கும் சேர்த்து இரண்டு வருடம் தண்ணீர் தூக்கியதாகவும் சொன்னார்.

பேட்டிக்கு ஆள் தேடுகிறேன். அறுபதுக்கு மேற்பட்ட அம்மாக்கள், தோட்டத்திலோ தொழிற்சாலையிலோ வேலை செய்தவர்கள். பெயர் எங்கும் வராது. சங்கடமான கேள்வியில் நிறுத்திவிடலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுவேன்.


வாழையிலை (கிள்ளான்):

என் அம்மா காப்பார் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது வருடம் வேலை செய்தவர். சனிக்கிழமை காலை பத்துக்கு மேல் வாருங்கள், கோயிலுக்குப் போய் வந்துவிடுவார். கேட்டேன், சம்மதம் சொன்னார். ஆனால் ஒன்று, அம்மாவுக்கு இடையில் ஒரு பேறு இருக்கிறது, எங்களிடம் பேசியதில்லை. நான் வீட்டில் இருந்தால் சொல்ல மாட்டார். நீங்கள் வந்ததும் நான் கடைக்குப் போய்விடுகிறேன், முடிந்ததும் ஒரு செய்தி அனுப்புங்கள்.